12 லட்சம் வரைக்கும் வரி இல்ல, சரி... என்னோட 6,600 ரூபா எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணமாகி உறையூர் வந்ததுலேர்ந்து உங்க பேப்பர்தான் வாங்குறோம், 19 வருஷமாச்சு, இதுவரைக்கும் ஒரு லெட்டர் எழுதுனதில்ல. சாக்கடை அடைச்சுக்கிச்சு, பஸ் நிக்காம போகுதுன்னு எழுதுறதுக்கு நெறைய பேர் இருக்காங்க, அத படிச்சிட்டு ஆமாம்லன்னு சொல்லிட்டு பேப்பர மடிச்சு வச்சிருவேன். இந்தத் தடவ எழுத வச்சது, 2025 பிப்ரவரில பட்ஜெட்டுக்கு மறுநாள் முதல் பக்கத்துல கொட்ட எழுத்துல வந்துச்சே ‘ரூ.12 லட்சம் வரை வரி இல்லை’ன்னு, அந்தத் தலைப்புதான். உங்கள மட்டும் சொல்லல, எல்லாரும் அதத்தான் போட்டாங்க, டிவிலயும் அதான் ஓடுச்சு, நிர்மலா சீதாராமன் பார்லிமென்ட்ல சொன்னதும் அதத்தான், அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஒரு தலைப்ப நம்பி என் தங்கச்சி பையன் வட்டி கட்டிட்டு உக்காந்திருக்கான். எனக்கோ எந்த வருஷக் கணக்குப்படி பாத்தாலும் வரி சைபர்தான், ஆனா என்கிட்ட வரின்னு புடிச்ச காசுல 6,600 ரூபா இன்னி வரைக்கும் திரும்பல. ரெண்டையும் சொல்றேன், நீளமா போயிரும், வெட்டி போட்டாலும் பரவால்ல.

நான் முன்னாடி ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல டீச்சரா இருந்தேன், சின்னவ பொறந்ததும் விட்டுட்டேன். அப்புறம் வீட்டுலேர்ந்தே இங்கிலீஷ் டு தமிழ் மொழிபெயர்ப்பு. பெருசா இலக்கியம்லாம் இல்ல சார், வாஷிங் மெஷின் கூட ஒரு புத்தகம் குடுப்பாங்கல்ல யாரும் படிக்காம பாலிதீன் கவரோட பரண்ல போட்டுருவோமே, அத தமிழ்ல எழுதுறது நாங்கதான். லோன் ஆப்ல ‘ஒப்புக்கொள்கிறேன்’னு ஒரு பட்டன் இருக்கும்ல, அதுக்கு மேல இருக்குற நாலு பக்கமும் நாங்கதான். வார்த்தைக்கு ஒரு ரூபா. மொதல்ல தெரிஞ்சவங்க, சின்னச் சின்ன ஆளுங்க வேலை குடுத்தாங்க, ஆயிரம் ரெண்டாயிரம்னு ஜிபேல வந்துரும். 2022 ஏப்ரல்ல ஒரு ஏஜென்சில ரெகுலரா வேலை வர ஆரம்பிச்சுது, மாசம் 22,000 வார்த்தை, அதாவது 22,000 ரூபா பில். முதல் மாசம் அக்கவுண்ட்ல பாத்தா 19,800 வந்திருக்கு. எங்க வீட்டுக்காரர் கிட்ட காமிச்சா “பேங்க்ல ஏதாச்சும் சார்ஜ் புடிச்சிருப்பான்”னாரு. 2,200 ரூபா சார்ஜ் புடிக்கிற பேங்க் எது சொல்லுங்கன்னு கேட்டேன். ஏஜென்சி அக்கவுண்ட்ஸ்ல இருந்த பொண்ணு சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது, டிடிஎஸ், அதாவது காசு குடுக்கும்போதே வரின்னு முன்கூட்டியே புடிச்சுக்கிறது, 10 பர்சன்ட், பிரிவு 194ஜே (இதுல நான் சொல்ற பிரிவு, ஃபார்ம் நம்பர் எல்லாம் 1961 வருஷத்துப் பழைய வருமான வரிச் சட்டத்தோடது). ஒரே கம்பெனிலேர்ந்து வருஷத்துக்கு 30,000-க்கு மேல ஃபீஸ் வாங்குனா அப்படித்தான் புடிப்பாங்களாம், பான் நம்பர் குடுக்கலன்னா 20 பர்சன்ட். 2025 ஏப்ரல்லேர்ந்து 30,000-ங்கிறத 50,000 ஆக்கிருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா மாசம் 22,000 பில் போடுற ஆளுக்கு மூணாவது மாசமே அது தாண்டிரும், தாண்டுனா மொத்தத்துக்கும் சேர்த்துப் புடிப்பாங்க, அதனால பெருசா வித்தியாசம் இல்ல.

இங்கதான் சார் எனக்குப் புரியாத இடம். 12 மாசத்துக்கு 22,000-ன்னா 2,64,000. அந்த வருஷம் அதுதான் என் மொத்த சம்பாத்தியம். கரண்ட் பில்லு, நெட்டு, லேப்டாப்புன்னு செலவக் கழிச்சா ரெண்டரை லட்சத்துக்கும் கீழ, செலவே கழிக்கலனாலும் 5 லட்சம் வரைக்கும் ரிபேட்னு ஒரு வரித் தள்ளுபடி இருந்துச்சு, எப்படிப் பாத்தாலும் வரி சைபர். ஆனா வருஷம் முழுக்க 26,400 ரூபா என் கைக்கு வராம போச்சு. பெரியவ ஸ்கூல் ஃபீஸ் ஒரு டெர்முக்கு அவ்வளவுதான். ஏப்ரல் மாசம் எங்க அம்மாவ கூட்டிக்கிட்டு பேங்க்குக்குப் போனேன், அவங்க பேர்ல ஒரு எஃப்டி இருக்கு, வட்டில டிடிஎஸ் புடிக்காம இருக்க வருஷா வருஷம் 15ஹெச் எழுதிக் குடுப்போம், அம்மா கண்ணாடிய நெத்தில ஏத்திக்கிட்டு மூணு எடத்துல கையெழுத்துப் போடுவாங்க, அவ்ளோதான், ‘எனக்கு வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்ல’ன்னு சொன்னா கவர்மென்ட் ஒத்துக்குது. வயசு கம்மியா இருந்தா 15ஜி. நானும் ஆசையா கவுன்ட்டர்ல இருந்த தம்பி கிட்ட எனக்கும் ஒரு 15ஜி குடுப்பா, ஏஜென்சில குடுக்கணும்னு கேட்டேன், அவன் சிரிச்சுட்டான். “மேடம் இது வட்டிக்கு, நீங்க சொல்றது ஃபீஸ், அதுக்கு இது செல்லாது.” ஆடிட்டர் கிட்ட கேட்டப்பவும் அதான் சொன்னாரு. உழைக்காம வர்ற வட்டிக்கு ஒரு கையெழுத்துல விலக்கு உண்டு, உக்காந்து தட்டி முதுகுவலியோட சம்பாதிக்கிற காசுக்கு கெடையாது. அதுக்கு வேற ஒரு வழி இருக்காம், பிரிவு 197, ஃபார்ம் 13, ஆன்லைன்ல போட்டு, பழைய வருஷத்து ரிட்டர்ன் (வரித்துறைக்குக் குடுக்குற வருமானக் கணக்கு), இந்த வருஷ உத்தேச வருமானம் எல்லாம் காமிச்சு, அதிகாரி பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தா கம்மியா புடிப்பாங்க. மாசம் 22,000 சம்பாதிக்கிறவ இதுக்கு ஆடிட்டருக்கு எவ்வளவு அழணும்னு நெனச்சுப் பாருங்க.

சரி புடிச்சா புடிக்கட்டும், ரிட்டர்ன் போட்டா திரும்ப வந்துரும்னு எல்லாரும் சொல்வாங்க. வரும். ஆனா எப்ப வரும்னா, புடிச்சவங்க அத என் பான் நம்பர்ல கவர்மென்ட்ல கட்டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவ அவங்க ரிட்டர்ன்லயும் என் பேர ஏத்துனாத்தான் வரும். அது எனக்கு 2023 ஜூலைல தில்லைநகர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல தெரிஞ்சுது. அவரு என் லாகின்ல போயி 26ஏஎஸ்-ன்னு ஒண்ணு எடுத்தாரு, நமக்குன்னு எங்கெங்க வரி புடிச்சிருக்காங்கன்னு காட்டுற பாஸ்புக் மாதிரி அது. நான் 26,400 எதிர்பாத்து உக்காந்திருக்கேன், அதுல 13,200-தான் இருக்கு. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஏறியிருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, வெள்ளையா கெடக்கு. ஆடிட்டர் மானிட்டர என் பக்கம் திருப்பி “மிச்சம் எங்கம்மா”ன்னு என்னையக் கேக்குறாரு.

ஏஜென்சிக்கு போன் மேல போன். “ஏறிரும் மேடம்”, “சிஸ்டம் அப்டேட் ஆகல மேடம்”, “எங்க ஆடிட்டர் ஊர்ல இல்ல மேடம்”. கடைசில அக்டோபர் - டிசம்பர் காலாண்டு என்னாச்சுன்னு கண்டுபுடிச்சாங்க, கேட்டா சிரிப்பீங்க. எக்ஸல்ல ஒரு வரிசை எறங்கிருச்சு. என் பேருக்கு நேரா என் பான் இருக்கணும், அதுக்கு பதிலா அடுத்த வரிசைல இருந்த கன்னட மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரோட பான் ஏறி, என் 6,600 அவரு கணக்குல போயி உக்காந்திருக்கு. அவரு யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, 26ஏஎஸ்ல கூடுதலா இருக்கேன்னு சந்தோஷப்பட்டு க்ளெய்ம் பண்ணிருந்தா பின்னால அவருக்கும் தலைவலிதான். அத திருத்தி நவம்பர்ல ஏத்துனாங்க, டிசம்பர் 31-க்குள்ள ரிவைஸ்ட் ரிட்டர்ன் (திருத்துன கணக்கு) போடலாம்னு அப்ப ஒரு வசதி இருந்துச்சு, அத வச்சுப் போட்டு அடுத்த மார்ச்ல அந்த 6,600 வந்துச்சு. முதல்ல போட்ட 13,200 ஆகஸ்ட்லயே 330 ரூபா வட்டியோட வந்துருச்சு, அதையும் சொல்லிரணும், ரீஃபண்ட் வேகமாத்தான் வருது இப்பல்லாம், அந்த விஷயத்துல குறை சொல்ல மாட்டேன்.

ஜனவரி - மார்ச் காலாண்டுதான் வரவேயில்ல. ஒவ்வொரு பில்லுலயும் 2,200 கழிச்சுத்தான் குடுத்தாங்க, பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருக்கு, கவர்மென்ட்ல கட்டல. ஃபார்ம் 16ஏ, அதாவது வரி புடிச்சதுக்கு சர்ட்டிபிகேட், குடுங்கன்னு விடாம கேட்டதுக்கு ஒரு பேப்பர் அனுப்புனாங்க. சாதா எக்ஸல்ல டைப் அடிச்சு, மேல ஃபார்ம் 16ஏ-ன்னு தடிமனா போட்டு, கீழ ரவுண்டு சீல். ஆடிட்டர் அத லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்துட்டு, ஏதோ கள்ள நோட்டப் பாக்குற மாதிரி, “டிரேசஸ்னு வரித்துறையோட டிடிஎஸ் வெப்சைட்லேர்ந்து எறக்குனா மேல சர்ட்டிபிகேட் நம்பர் இருக்கும்மா, இது பலசரக்குக் கடை ரசீது”ன்னாரு. 2024-ல அந்த ஏஜென்சியவே மூடிட்டாங்க. அந்த நம்பருக்கு இப்ப போட்டா நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லைன்னு வருது. அந்தக் குரலுக்கு அந்த வாக்கியத்த எழுதிக் குடுத்ததும் என்ன மாதிரி ஒருத்தியாத்தான் இருப்பா.

6,600 ரூபா-ங்கிறது எனக்கு 6,600 வார்த்தை சார். ஒரு வாட்டர் ப்யூரிஃபையர் மேனுவல் முழுசும், ஒரு லோன் ஆப் விதிமுறை பாதியும்.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு ஆடிட்டர் விளக்குனாரு, கேட்டுக்கங்க. வரிய புடிச்சுட்டு கட்டாம வச்சுக்கிட்டா 276பி-ன்னு ஒரு பிரிவு, அப்ப இருந்த சட்டப்படி 7 வருஷம் வரைக்கும் ஜெயில், மாசத்துக்கு ஒன்றரை பர்சன்ட் வட்டி வேற, அவங்க ரிட்டர்ன் லேட்டா போட்டா நாளுக்கு 200 ரூபா. படிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கு என்ன பாதுகாப்புன்னா, பிரிவு 205. ஒருத்தர்கிட்ட டிடிஎஸ் புடிச்சாச்சுன்னா அதே வரிய மறுபடியும் அவர்கிட்ட கேக்கக் கூடாது. 2015-லயே வரி வாரியம் அதிகாரிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பிருக்காங்க, கம்பெனி கட்டலங்கிறதுக்காக இவங்ககிட்ட வசூல் பண்ணாதீங்கன்னு. ஆஹான்னு நான் சந்தோஷப்பட்டேன். அவரு தலைய ஆட்டுறாரு. “அது வரி கட்ட வேண்டியிருக்கறவங்களுக்கும்மா. உங்களுக்குத்தான் வரியே இல்லையே, உங்ககிட்ட யாரு கேக்கப் போறா. நீங்க ரீஃபண்ட் கேக்குறீங்க, கவர்மென்ட்டுக்கு வராத காச எங்கேர்ந்து திருப்பித் தருவான்.” யோசிச்சா அவரு சொல்றது சரிதான், அதுதான் கொடுமையும். 15 லட்சம் சம்பாதிக்கிறவருக்கு இதே மாதிரி ஆயிருந்தா அந்த 205 அவருக்கு கேடயம், அவரு கையிலேர்ந்து ஒரு பைசா போகாது. வரி கட்டுற அளவுக்கே சம்பாதிக்காத எனக்கு அது உதவாது. கோர்ட்டுக்குப் போனா கெடைக்கலாம்னாரு, 6,600-க்கு கோர்ட்டா. ஆன்லைன்ல புகார் போட்டேன், வரி பிடித்தம் செய்தவரை தொடர்பு கொள்ளவும்னு பதில் வந்துச்சு, எந்த நம்பருக்குன்னு சொல்லல.

இப்ப தங்கச்சி பையன் கதை. அவன் சென்னைல ரூம் எடுத்து தங்கி வெளிநாட்டு ஆளுங்களுக்கு மோஷன் கிராஃபிக்ஸ் பண்றான், வீடியோல எழுத்து பறந்து வந்து நிக்கும்ல அது. என்ன மாதிரி இல்ல, நல்ல காசு. 2024-25-ல மொத்தம் 16 லட்சம் வந்திருக்கு, கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் சந்தா அது இதுன்னு 5 லட்சம் போக 11 லட்சம் நிக்குது. வெளிநாட்டுக் காசுங்கிறதால யாரும் டிடிஎஸ் புடிக்கல. பிப்ரவரில அவனே அட்வான்ஸ் டாக்ஸ்னு ஏதோ இருக்காம் பெரிம்மா, ஆடிட்டர பாக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தான். அப்ப வந்துச்சு உங்க தலைப்பு. வாட்ஸ்அப்ல ஃபேமிலி குரூப்ல அத போட்டோ புடிச்சுப் போட்டு, கீழ டான்ஸ் ஆடுற பொம்மை நாலு. 12 லட்சம் வரைக்கும் வரி இல்ல, நமக்கு 11, முடிஞ்சுது ஜோலி.

ஜூலைல ரிட்டர்ன் போட வரித்துறை போர்ட்டல்ல போயி உக்காந்தப்பதான் 67,600 கட்டுன்னு காட்டுது. அவனுக்குப் புரியல, எனக்கு போன். ஏன்னா அந்த 12 லட்சம் கணக்கு 2025 ஏப்ரல் 1-க்கு அப்புறம் சம்பாதிக்கிற காசுக்கு. அவன் ஃபைல் பண்றது அதுக்கு முந்தின வருஷத்துக்கு, அதுக்கு புது வரி முறைல 7 லட்சம் வரைக்கும்தான் ரிபேட். இதுல இன்னொரு கூத்து, போர்ட்டல்ல மேல 2025-26-ன்னு போட்டிருக்கு, பட்ஜெட் செய்திலயும் 2025-26-ன்னுதான் போட்டிருந்தாங்க, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டான். ஒண்ணு அசெஸ்மென்ட் இயர், இன்னொண்ணு ஃபினான்ஷியல் இயர். சம்பாதிச்ச வருஷம் ஒண்ணு, கணக்குப் பாக்குற வருஷம் அதுக்கு அடுத்தது. எத்தன பேரு இதுல வழுக்கி விழுந்தாங்களோ, 2025 ஆகஸ்ட்ல பாஸ் பண்ண புது வருமான வரிச் சட்டத்துல இத தூக்கிட்டு டாக்ஸ் இயர்னு ஒரே பேரா வச்சிருக்காங்க, 2026 ஏப்ரல் 1-லேர்ந்து. நல்ல வேலை, ஒரு 60 வருஷம் முன்னாடியே பண்ணிருக்கலாம்.

67,600-க்கு மேல வட்டி 6,100 சொச்சம். வருஷத்துக்கு 10,000-க்கு மேல வரி வரும்னா ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15-ன்னு நாலு தவணைல முன்கூட்டியே கட்டிரணும், கட்டலன்னா மாசத்துக்கு ஒரு பர்சன்ட். நான் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், அவன் பிப்ரவரில நெனச்சபடி மார்ச் 15-க்குள்ள கட்டிருந்தா 3,380 ரூபா மிச்சமாயிருக்கும். ஆக 3,380 உங்க தலைப்போட பங்கு, மீதி அவனோட சோம்பேறித்தனத்துக்கு. கவனிச்சீங்களா, நாம கவர்மென்ட்டுக்கு லேட்டா குடுத்தா மாசம் ஒண்ணு, கவர்மென்ட் நமக்கு லேட்டா குடுத்தா மாசம் அரை.

அந்த 12 லட்சத்துலயே இன்னொரு விஷயம், மாசச் சம்பளக்காரங்களுக்கு அது 12.75 லட்சம்னு போட்டிருந்தீங்க, 75,000 நிலையான கழிவு சேர்த்து. அந்தக் கழிவு எங்களுக்குக் கெடையாது. நாங்க செலவக் காட்டித்தான் கழிக்கணும், செலவக் காட்டணும்னா பில்லு வேணும். என் டேபிள் ஃபேனுக்கு பில்லு இல்ல, சாஸ்திரி ரோட்டுல பழைய சாமான் கடைல வாங்குனது.

எந்த ஃபார்ம்ல போடணுங்கிறது தனிக் கதை. மூணு ஆடிட்டர கேட்டா மூணு பதில். 44ஏடிஏ-ன்னு ஒரு சுளுவான வழி இருக்கு, வந்ததுல பாதிய லாபம்னு ஒத்துக்கிட்டா போதும், கணக்குப் புத்தகம் எழுத வேணாம், ஐடிஆர்-4-ல போட்டுறலாம், அட்வான்ஸ் டாக்ஸும் மார்ச் 15-க்குள்ள ஒரே தடவைல கட்டுனா போதும். ஆனா அது டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், டெக்னிக்கல் கன்சல்டன்ட், இன்டீரியர் டெக்கரேட்டர், சினிமாக் கலைஞர்னு ஒரு பட்டியல் வச்சிருக்காங்க, அதுல இருக்கறவங்களுக்குத்தான். மொழிபெயர்ப்பாளர்னு அதுல இல்ல. ஒருத்தர் பரவால்ல போடுங்கன்னாரு. இன்னொருத்தர் அது தப்பு, இத வியாபாரமா பாத்து 44ஏடில போடலாம், டிஜிட்டலா வந்த காசுக்கு 6 பர்சன்ட் லாபம் காட்டுனா போதும்னாரு. மூணாவது ஆளு ரெண்டும் வேணாம், ஐடிஆர்-3-ல வரவு செலவு முழுசா எழுதிருங்க, யாரும் கேள்வி கேக்க முடியாதுன்னாரு, அதுக்கு ஃபீஸ் மட்டும் மூணு மடங்கு. எனக்கு எதுல போட்டாலும் வரி சைபர். நான் மூணாவது ஆளு பேச்ச கேட்டு இப்ப வரவு செலவு எழுதுறேன், ராத்திரி தூக்கம் வருது. ஆனா சம்பளமும் வாங்கிக்கிட்டு சைடுல ஃப்ரீலான்சும் பண்ற புள்ளைங்க ஐடிஆர்-1-ல போட்டுட்டு விட்டுறாங்க பாருங்க, அது தப்பு, டிடிஎஸ் புடிச்ச கம்பெனி எழுதுனது ஏஐஎஸ்ல (நம்ம வருமானத்தப் பத்தி வரித்துறை வச்சிருக்குற பட்டியல்) தெளிவா தெரியும், ஒரு நாள் நோட்டீஸ் வரும்.

எங்க தெருவுல ஜாக்கெட் தைக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, ஒரு பொட்டிக்குக்கு மொத்தமா தைச்சுக் குடுப்பாங்க. 2025 ஜூலைல பெங்களூர்ல யூபிஐ கணக்க வச்சு சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சுன்னு செய்தி வந்ததுலேர்ந்து க்யூஆர் ஸ்டிக்கர கிழிச்சுப் போட்டுட்டு கேஷ்தான் வாங்குறாங்க. அவங்களுக்கு வருஷத்துக்கு 3 லட்சம் வந்தா பெருசு, சேவைக்கு ஜிஎஸ்டி வரம்பு 20 லட்சம். அத சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. ரிட்டர்ன்னா என்னான்னு கேட்டா “அது வரி கட்டுறவங்களுக்கு தானடி”ன்றாங்க. பொட்டிக்ல அவங்ககிட்ட ஒரு பர்சன்ட் புடிக்கிறாங்க, 194சி, வருஷம் மூவாயிரம் வரும், நாலு வருஷமா போகுது, ஒரு தடவ கூட திரும்பக் கேட்டதில்ல. வருஷத்துக்கு 25,000-க்கு மேல டிடிஎஸ் புடிச்சிருந்தா வருமானம் வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும்னு 2022-லேர்ந்து விதி இருக்கு, அது எனக்கே ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும். போன வருஷத்தயும் விட்டுட்டா அப்டேட்டட் ரிட்டர்ன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுல ரீஃபண்ட் கேக்க முடியாது, தாமதத்த மன்னிக்கச் சொல்லி கமிஷனருக்கு தனியா மனு போடணும், அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாமாம். அக்காவுக்கு அந்த மனுவ நான்தான் எழுதிக்கிட்டு இருக்கேன், வார்த்தைக்கு ஒரு ரூபா வாங்காம.

நான் இப்ப என்ன பண்றேன்னா, ஒரு லாங் சைஸ் நோட்டு. தேதி, பில் நம்பர், தொகை, புடிச்சது, கைக்கு வந்தது, கடைசி கட்டம் 26ஏஎஸ். ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன், இந்த நாலு மாசத்துலயும் 15 தேதி தாண்டுனதும், அதுக்குள்ள 16ஏ குடுத்திருக்கணும்ல, போர்ட்டல்ல போயி பாத்து டிக் போடுவேன். டிக் விழலன்னா அன்னைக்கே போன், அடுத்த வேலைய ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி. முன்னெல்லாம் கேக்க கூச்சமா இருக்கும், கேட்டா வேலை குடுக்க மாட்டாங்களோன்னு. போன வாரம் ஒரு இடத்துல கேட்டேன், “மேடம் நீங்க ஒருத்தர்தான் இதெல்லாம் கேக்குறீங்க”ன்னாரு அங்க உள்ளவரு. அதான் பிரச்சனையே சார்னு சொன்னேன்.

உங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டு. ஒண்ணு, அடுத்த பிப்ரவரில அந்த மாதிரி தலைப்பு போட்டா அதுக்குக் கீழயே ஒரு சின்ன பெட்டி போடுங்க, இது எந்த தேதிக்கு அப்புறம் வர்ற காசுக்கு, வரி இல்லன்னாலும் ரிட்டர்ன் போட்டாத்தான் புடிச்ச காசு வரும்னு, நாலு வரி போதும், தமிழ்ல நான் வேணா எழுதித் தர்றேன். ரெண்டாவது, இத எழுதுற உங்க நிருபர் யாராச்சும் டில்லில கேக்கட்டும், எஃப்டி வட்டிக்கு இருக்குற 15ஜி மாதிரி வருஷத்துக்கு ஒரு 4 லட்சத்துக்குக் கீழ சம்பாதிக்கிற சுயதொழில்காரங்களுக்கும் ஒண்ணு ஏன் இருக்கக் கூடாதுன்னு. புது சட்டத்தோட முதல் மசோதால லேட்டா ரிட்டர்ன் போட்டா ரீஃபண்ட்டே இல்லன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, பேச்சு கிளம்புனதும் செலக்ட் கமிட்டி சொல்லி அத எடுத்துட்டாங்கல்ல, அப்ப கேட்டா நடக்குது. அதே மாதிரி, எங்ககிட்ட புடிச்சதுக்கு அத்தாட்சி இருந்தா கவர்மென்ட் எங்க காச எங்களுக்குக் குடுத்துட்டு அந்தக் கம்பெனிய அவங்க தொரத்தட்டும். வசூல் பண்ணச் சொல்லி கம்பெனிக்கு அதிகாரம் குடுத்தது அவங்கதான, நான் இல்லையே.

2025-ல ரிட்டர்ன் கடைசி தேதிய செப்டம்பர் 15-ன்னு தள்ளி வச்சாங்க. ரிட்டர்ன் போட்டுட்டு 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி குடுத்து வெரிஃபை பண்ணணும், அத மறந்தா போட்டதே கணக்குல இல்ல, எங்க தெருவுலயே ரெண்டு பேரு அப்படி விட்டாங்க.

பேர் போட வேணாம் சார், இன்னும் ரெண்டு ஏஜென்சி கிட்ட ஏப்ரல் - ஜூன் காலாண்டுக்கு 16ஏ வர வேண்டியிருக்கு.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்,
உறையூர், திருச்சி.